ராமனின் மனம் எப்போது மாறியது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"ஆராய்ச்சிக் கூடங்களில் எல்லாருக்கும் இடம் கிடைக்க முதலில் மாற வேண்டியது மனமா, விதியா?" இதுதான் இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், மனம் மாறாமல் விதியை மாற்றினால் அது வெறும் காகிதம் என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். சாட்சிக்கு சர் சி.வி. ராமனையே அழைத்து வந்தார். முதலில் பெண்களைச் சேர்க்க மறுத்தவர் பிறகு மனம் மாறிச் சேர்த்துக்கொண்டாராம்.

சரி அண்ணே, உங்கள் சாட்சியை நான் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்துகொள்கிறேன்.

1933ஆம் ஆண்டு. பம்பாயில் பி.எஸ்சி. முடித்த கமலா பாகவத் (பிற்காலத்தில் கமலா சோஹோனி), பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறார். அப்போது அங்கே இயக்குநர் ராமன். பெண் என்பதால் இடமில்லை என்றார். கமலா விடவில்லை. நேரிலேயே போய் நியாயம் கேட்டார். கடைசியில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. ஓராண்டு சோதனைக் காலம். அதுவரை முறையான மாணவி என்ற அங்கீகாரம் கிடையாது. அங்கிருக்கும் ஆண்களின் கவனத்தைச் சிதறடிக்கக் கூடாது. கவனம் சிதறுவது அவர்களுக்கு, நிபந்தனை இவருக்கு! அந்த ஓராண்டு அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்த பிறகுதான் ராமன் இறங்கி வந்தார். அப்புறம் மற்றப் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. 1939இல் அதே கமலா கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார்.

எதிரணியினரே, எது முன்னே, எது பின்னே என்று பாருங்கள். கதவு அரை அடி திறந்தது, ஒரு பெண் உள்ளே வந்தார், அதற்குப் பிறகு மனம் மாறியது. வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால் ராமன் எதைப் பார்த்து மாறியிருப்பார்?

இனி என் சாட்சி, அன்னா மாணி. 1940இல் ராமனின் கூடத்துக்கு வந்தவர். அதாவது, நம் அண்ணன் சொன்ன அந்த மனம் மாறிய ராமன்! வைரம், மாணிக்கம் இவற்றின் ஒளிப் பண்புகளை ஆராய்ந்து, தனியொருவராக ஐந்து கட்டுரைகள் எழுதினார். 1945இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். எம்.எஸ்சி. இல்லை, ஆகவே பட்டமும் இல்லை என்றது விதி. அந்த விதி எல்லாருக்கும் பொதுதானே என்று எதிரணி சொல்லும். செய்து முடித்த வேலையைப் பார்க்காமல், வாங்காத பட்டத்தைப் பார்க்கிற விதி அது. ராமனின் மனம் மாறியும் என்ன பயன்? பிற்பாடு வானிலைத் துறையில் சேர்ந்து, சுமார் 100 கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தியவர், கடைசிவரை அந்த டாக்டர் பட்டம் இல்லாமலேயே இருந்தார்.

என் கதையும் ஒன்று உண்டு. நான் ஆராய்ச்சி செய்த இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் ஒன்றே ஒன்று. யாருக்கு எந்த நேரம் என்பது மாலையில் டீக்கடையில் முடிவாகும். பகல் நேரத்தை அண்ணன்மார் டீ குடித்தபடியே பங்கு போட்டுக்கொள்வார்கள். எனக்கு இரவு 10 மணி வரும். பெண்கள் விடுதிக் கதவோ 9 மணிக்கே மூடிவிடும். யாரும் கெட்டவர்கள் இல்லை, நடுவர் அவர்களே. கேட்டால், "நீயும் டீக்கு வந்திருக்கலாமே" என்பார்கள். தங்கமான மனசு!

பிறகு ஒரு புதுப் பேராசிரியர் வந்தார். யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டி மைக்ரோஸ்கோப் அறைக் கதவில் தொங்கவிட்டார். பெயர் எழுதினால்தான் நேரம். பகலில் ஆளுக்கு வாரம் ஒரு முறை. அந்த வாரமே எனக்குச் செவ்வாய்க்கிழமை காலை 10 மணி கிடைத்தது.

அண்ணன்மார் மனம் மாறியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. டீக்கடையில் போய்த்தான் விசாரிக்க வேண்டும். எனக்கு அப்போது மைக்ரோஸ்கோப்பில் வேலை இருந்தது.

மணி அடித்துவிட்டார்கள். நன்றி, வணக்கம்.