எட்டுக் குன்றிமணி நிக்கல்

வணக்கம் நேயர்களே.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ சீசன் வந்துவிட்டால் கூழ் ஆலைகளில் இரவு பகல் கிடையாது. பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து வாசலில் நிற்கும். பழம் யாருக்காகவும் காத்திருக்காது. பல வருடங்களுக்கு முன் அப்படி ஒரு சீசன் நடுவில், நான் மெயின்டனன்ஸ் பார்த்த ஆலையில் பெரிய மோட்டார் ஒன்று உறும ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தோம். பேரிங்கின் உள்வளையம், மோட்டாரில் சுழலும் தண்டான ஷாஃப்ட்டை இறுகப் பிடிக்காமல் வழுக்கி வழுக்கிச் சுற்றி, தான் உட்காரும் இடத்தையே தேய்த்திருந்தது.

அவசரத்தில் நான் வெல்டிங் வைத்துக் கடையச் சொன்னேன். சூட்டில் ஷாஃப்ட் வளைந்தது. மறுபடி பூட்டி ஓட்டியபோது, சுழலும் பாகமான ரோட்டர் அசையாத பாகமான ஸ்டேட்டரில் உரசி, வைண்டிங் என்கிற செம்புக் கம்பிச் சுற்றும் போனது. அந்த முடிவு என்னுடையது. இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த ஷாஃப்ட்டில் உண்மையில் குறைந்திருந்தது எவ்வளவு தெரியுமா? பேரிங் எண் 6310. அதன் உள்விட்டம் 50 மில்லிமீட்டர், அகலம் 27. ஷாஃப்ட் 50.002-லிருந்து 50.018-க்குள் இருந்தால் பேரிங் இறுக்கமாக உட்காரும். மைக்ரோமீட்டர் 49.96 காட்டியது. நடு அளவான 50.01-க்குக் கொண்டுவர, சுற்றிலும் எல்லாப் பக்கமும் 25 மைக்ரான், அதாவது 0.025 மில்லிமீட்டர், ஏற்ற வேண்டும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது. அதை நிக்கலால் நிரப்பினால் எடை ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கீழேதான். பழைய தட்டார் கணக்கில் எட்டுக் குன்றிமணி. அதற்காகத்தான் ஒரு மோட்டாரையே கெடுத்தேன்.

இந்த ஒரு கிராமை, தேய்ந்த இடத்தில் மட்டும், சூடு வைக்காமல் ஏற்ற ஒரு வழி இருக்கிறது. பட்டறை வழக்கில் அதன் பெயர் பிரஷ் பிளேட்டிங். வழக்கமான முலாம் வேலையில் பொருளையே தொட்டியில் முக்குவார்கள். இதில் தொட்டியே கிடையாது. கையில் பிடிக்கும் கிராஃபைட் கட்டையில் பஞ்சுத்துணி சுற்றி, நிக்கல் கரைசலில் நனைத்து, தேய்ந்த இடத்தில் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டி.சி. மின்சாரத்தின் நேர்முனை கட்டைக்கு, எதிர்முனை ஷாஃப்ட்டுக்கு. மற்ற இடங்களை டேப் ஒட்டி மறைத்துவிடலாம். நம் வீட்டு வாசலில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர்கள் பஞ்சால் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார்களே, கை ஓட்டம் ஏறக்குறைய அதேதான். அங்கே நெருப்பு செய்ததை இங்கே மின்சாரம் செய்கிறது.

எவ்வளவு ஏறும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஓடிய மின்சாரத்துக்குத் தக்கபடிதான் உலோகம் படியும் என்று மைக்கேல் ஃபாரடே 1830-களிலேயே வகுத்துவிட்டார். ஏட்டுக் கணக்கில் ஒரு ஆம்பியர்-மணிக்கு, அதாவது ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால், 1.095 கிராம் நிக்கல். கையால் செய்யும்போது மின்சாரம் கூடுதலாகத்தான் செலவாகும், ஆனாலும் மீட்டரைப் பார்த்தே எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யலாம்.

சரி, இவ்வளவு சுலபமா என்றால், இல்லை. நேரமெல்லாம் சுத்தம் செய்வதில்தான் போகும். முதலில் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, மின்சாரம் வைத்தே ஒரு கழுவு. பிறகு சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். தாமரை இலையில் நிற்பதுபோல் துளித்துளியாக உருண்டால் பசை இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். படலமாக ஒட்டிப் பரவினால் அடுத்த வேலை. இப்போது மின்முனைகளை மாற்றி, மேல் தோலைக் கொஞ்சம் அரிக்கவிட வேண்டும். இரும்பு கறுத்துக் கரி பூசியதுபோல் ஆகும். பயப்பட வேண்டாம், எஃகிலுள்ள கரிதான் அது. அதையும் எடுத்தால் ஒரே சீரான வெளிர் சாம்பல் நிறம் தெரியும். அதன் மேல்தான் முதல் நிக்கல் படலம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இந்த முதல் படலத்தில் இன்னும் கவனம் தேவை. அதன் மேல் எப்போதும் இருக்கும் ஆக்சைடு தோல் எதையும் ஒட்டவிடாது. இதில் ஒரு படியை விட்டாலும், பேரிங்கை அழுத்தி ஏற்றும்போது முலாம் வெங்காயத் தோல்போல் உரிந்து வரும்.

ஷாஃப்ட்டை லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், மாட்டிச் செய்பவர்களுக்கு ஒன்று: கேபிளை லேத் உடம்பில் மாட்டாதீர்கள். மின்சாரம் லேத்தின் பேரிங் வழியாகப் போய் அதையும் கெடுத்துவிடும். ஷாஃப்ட்டுக்கே நேராக இணைப்புக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தாகாது. விரிசல் விட்ட ஷாஃப்ட்டுக்கு முலாம் பலம் தராது. உடைந்த பல்சக்கரத்துக்கும் உதவாது. அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று பள்ளம் விழுந்திருந்தால் ஸ்லீவ் என்கிற உலோக உறை போடுவதே மேல். ஆனால் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கருவியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, அந்த மேட்டில் பேரிங்கை உட்கார வைக்கிறார்களே, அதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நுனிகள் நசுங்கியதும் பேரிங் பழையபடி வழுக்கும்.

ஓசூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர்களும், தருமபுரியில் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளும் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. கிரானைட் அறுக்கும் இயந்திரம், சர்க்கரை ஆலைப் பம்ப், கிணற்று மோட்டார் எல்லாமே இங்கே ஓடுகின்றன. மைக்ரோமீட்டரில் கை பழகியவருக்கு மீதி பழக்கம்தான்.

அப்புறம், தண்ணீர் விஷயம். தொட்டி முலாமைவிட இதில் கழிவு குறைவு, ஆனாலும் கழிவு கழிவுதான். நிக்கல் உப்புகள் தோலில் அரிப்பைக் கிளப்பும். அதன் துளிகளை வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் இல்லாமல் தொடாதீர்கள். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மூடிபோட்ட பீப்பாயில் பிடித்து, அபாயக் கழிவு எடுக்க அனுமதி உள்ளவர்களிடம் ஒப்படையுங்கள். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டவர்கள் இந்த மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்கள் கிணற்றில் நிக்கலும் சேரக் கூடாது.

நன்றி, வணக்கம்.