உங்கள் தெருச் சுவரில் இருக்கும் சாம்பல்

வணக்கம். காரில் போய்க்கொண்டே கேட்பவர்கள் இருப்பீர்கள், அடுப்படியில் நின்று கேட்பவர்கள் இருப்பீர்கள். எங்கே இருந்தாலும் சரி, லண்டனில் இருந்தால் உங்களுக்குப் பக்கத்தில் எங்காவது ஒரு செங்கல் சுவர் இருக்கும். பழைய சுவர்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவன் நான். இன்றைக்கும் தெருவில் நடக்கும்போது சுவரைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் தாண்டிப் போக முடியாது.

நான் சொல்லப்போகும் வீடு உங்களுக்குத் தெரிந்த வீடுதான். ப்ளூம்ஸ்பரியில், ஸ்பிடல்ஃபீல்ட்ஸில் தோளோடு தோள் ஒட்டி நிற்குமே, 1700களில் கட்டியது. அகலத்துக்கு மூன்று ஜன்னல், உயரத்துக்கு நாலு தளம், வாசலுக்கு முன்னால் இரும்புக் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளத்துக்குள் இன்னொரு தளம். முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை, ஓரமாக மாடிப்படி. எத்தனை மாடி ஏறினாலும் பெரும்பாலும் இதே கணக்குத்தான். முதல் மாடி ஜன்னல் மட்டும் நெடுநெடுவென்று இருக்கும், விருந்தாளிகளை உட்கார வைத்தது அங்கேதான். மேலே போகப் போக ஜன்னல் குட்டையாகிவிடும், உச்சியில் வேலைக்காரர்கள் படுத்தார்கள்.

ஏன் செங்கல்? 1666 செப்டம்பரில் புட்டிங் லேனில் ஒரு ரொட்டி சுடுகிறவர் வீட்டில் பிடித்த தீ, நாலு நாள் எரிந்து பதின்மூன்றாயிரம் வீடுகளைக் கொண்டுபோய்விட்டது. பெரும்பாலும் மர வீடுகள், நெருக்கமான சந்துகள். அடுத்த வருடமே, 1667இல், பாராளுமன்றம் சட்டம் போட்டது: நகருக்குள் இனி வெளிச்சுவர் செங்கல்லாகவோ கல்லாகவோதான் இருக்க வேண்டும், வீடுகள் நாலே வகை, எந்த வகைக்கு எத்தனை மாடி, சுவர் எத்தனை செங்கல் தடிமன், எல்லாம் அதிலேயே எழுதியிருந்தது.

சரி, அத்தனை செங்கல்லுக்கு எங்கே போவது? லண்டனைச் சுற்றியிருந்த மண்ணையே தோண்டினார்கள். நாம் சாப்பிடப் போகும் பிரிக் லேன் இருக்கிறதே, அந்தப் பெயர் அங்கே மண் எடுத்துச் செங்கல் அறுத்ததால் வந்தது. அந்த மண்ணோடு சுண்ணப்பாறையைக் கரைத்துச் சேர்த்தார்கள், அதனால்தான் லண்டன் செங்கல் சிவப்பாக இல்லாமல் மஞ்சளாக வெந்தது. அப்புறம் இன்னொன்றும் சேர்த்தார்கள். சாம்பல். அதுவும் எந்தச் சாம்பல்? வீட்டு அடுப்புச் சாம்பல்.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், எனக்கு இந்த விஷயத்தில் இதைவிடப் பிடித்தது வேறு கிடையாது. அந்த வீட்டில் அறைக்கு அறை கணப்பு எரிந்தது. எரிந்தது நிலக்கரி. மிஞ்சிய சாம்பலைக் குப்பைக்காரர் வண்டியில் அள்ளிக்கொண்டு போய்ச் சலிப்பார். நைசான சாம்பல் செங்கல் மண்ணுக்குள் போகும், சரியாக வேகாத கரித்துண்டு சூளைக்கு விறகாகும். மண்ணுக்குள் கலந்த சாம்பலிலும் கொஞ்சம் கரி மிச்சம் இருக்கும் இல்லையா, சூளையில் சூடு ஏறும்போது அதுவும் பற்றிக்கொள்ளும், அதாவது செங்கல் உள்ளிருந்தும் வேகும். ஒரு வீட்டு அடுப்பில் எரிந்தது இன்னொரு வீட்டுக்குச் சுவராக எழுந்தது. பழைய மஞ்சள் செங்கல்லை உற்றுப் பாருங்கள், கருப்புப் புள்ளி தெரியும். யாரோ ஒருவர் இருநூறு வருடத்துக்கு முன்னால் குளிர் காய்ந்த கரி அது.

அந்தக் கரியின் புகையும் சும்மா போகவில்லை, சுவர் மேலேயே வந்து படிந்தது. டவுனிங் தெரு பத்தாம் எண் வீட்டைத் தொலைக்காட்சியில் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள், கறுப்புச் சுவர், கறுப்புக் கதவு. அந்தச் சுவர் மஞ்சள்! 1960களின் தொடக்கத்தில் பெரிய பழுதுவேலை நடந்தபோதுதான் கறுப்பெல்லாம் காலங்காலமாகப் படிந்த புகை என்று தெரிந்தது. ஆனால் உலகமே அதைக் கறுப்பு வீடாகத்தானே பார்த்துப் பழகியிருந்தது, அதனால் கழுவித் துடைத்த பிறகு கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

இப்போது சாந்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. ஈஸ்ட் ஹாமில் நான் முதலில் வாங்கிய வீடு நூறு வருடத்துக்கு மேல் பழையது, அதே மஞ்சள் செங்கல். செங்கல்லுக்கு இடையில் சாந்து உதிர்கிறது என்று ஒருவரைக் கூப்பிட்டேன், அவர் சிமென்ட்டைக் குழைத்து இறுக்கமாகப் பாயிண்டிங், அதாவது செங்கல் இடுக்கை அடைக்கும் வேலை, செய்துவிட்டுப் போனார். பார்க்கப் புது வீடு மாதிரி இருந்தது, எனக்கும் சந்தோஷம். இரண்டு குளிர்காலம் போயிற்று. மூன்றாவது வசந்தத்தில் செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உரிந்து வாசலில் விழுந்து கிடந்தது, சிமென்ட் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் துருத்திக்கொண்டு நின்றது. அப்போது என்னோடு வேலை செய்த வயதான கொத்தனார் ஒருவர், கென்ட் பக்கத்துக்காரர், வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் பழைய சாந்தை நகத்தால் சுரண்டினார், மாவு மாதிரி வந்தது. என் வீட்டுச் சிமென்ட்டைச் சுரண்டச் சொன்னார், என் நகம் உடைந்தது. "சாந்து செங்கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும்" என்றார், அவ்வளவுதான்.

காரணம் இதுதான். பழைய செங்கல் மழையைக் குடிக்கும். குடித்த தண்ணீர் சுண்ணாம்புச் சாந்து வழியாக வெளியே வந்து காய்ந்துவிடும். சாந்து தேயும், ஐம்பது அறுபது வருடத்தில் உதிரும், உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம், செங்கல் பிழைத்துக்கொள்ளும். சிமென்ட் வைத்து அடைத்துவிட்டால் தண்ணீருக்குச் செங்கல்லை விட்டால் வழியில்லை. பனியில் அது உள்ளேயே உறைந்து, செங்கல்லின் முகத்தைப் பெயர்த்துத் தள்ளிவிடும். உங்கள் வீட்டுக்குள் ஈரம் பூத்துப் பூசணம் பிடிக்கிறது என்றால் எல்லாமே இதனால் என்று சொல்ல மாட்டேன், சமையல் ஆவியாலும் வரும். ஆனால் மேலே மருந்து அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை வெளியே போய் அந்தச் சாந்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்பா, சிமென்ட்டா? திரும்பவும் சொல்கிறேன், பழைய வீட்டுக்குச் சுண்ணாம்புச் சாந்து. என் வீட்டில் அந்தச் சிமென்ட்டை உளியால் கொத்தி எடுக்க மூன்று மாத சனி ஞாயிறு போயிற்று, கொத்தும்போது இன்னும் சில செங்கல் உடைந்தது, அதுதான் இன்றைக்கும் மனசுக்கு ஆறவில்லை.

ஜன்னலைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் ஓடுகிறது. ஒன்று மட்டும். ஜன்னல் மரம் சுவரோடு மட்டமாக வெளியே தெரிந்தால் அந்த வீடு பழசு. 1709இல் வந்த சட்டம் தீக்குப் பயந்து மரத்தை நாலு அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது, 1774 சட்டம் ஜன்னலைத் தாங்கும் மரப்பெட்டியைச் செங்கல்லுக்குப் பின்னாலேயே ஒளிக்கச் சொன்னது. எல்லாரும் உடனே கேட்டுவிடவில்லை, இருந்தாலும் வயதை ஊகிக்க நல்ல அடையாளம். 1774க்குப் பிறகு எழுந்த பெட்ஃபோர்ட் சதுக்கத்துக்குப் போனால் மெல்லிய வெள்ளைக் கோடு மாதிரிதான் ஜன்னல் சட்டம் தெரியும்.

உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றால், ஃப்ளீட் தெருவுக்குப் பின்னால் காஃப் சதுக்கம், பதினேழாம் எண். ஏறத்தாழ 1700இல் கட்டியது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளிவந்த தன் ஆங்கில அகராதியை அந்த உச்சி மாடியில் உதவியாளர்களை வைத்துக்கொண்டுதான் தொகுத்தார். முதல் மாடியில் கதவு மாதிரி மடங்கும் மரத் தடுப்பு இருக்கிறது, அதைத் திருப்பினால் இரண்டு அறை ஒரே அறையாகிவிடும்... கையைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். மாடிப்படியைப் பற்றிப் பேச முடியாது, போகட்டும்.

அந்தப் பக்கம் நடக்கும்போது கம்பி வேலிக்கு முன்னால் நடைபாதையைப் பாருங்கள். ஒரு அடி அகலத்தில் வட்டமாக ஒரு இரும்பு மூடி இருந்தால், நிலக்கரியை மூட்டையோடு கொண்டுவந்து கொட்டிய வாய் அது. ஆள் நுழைய முடியாத அளவு, திருடன் பயத்துக்கு. நேரே கீழே, நீங்கள் நிற்கும் இடத்துக்கு அடியில், கரி அறை. மூடிக்கு மூடி பூவேலை வேறு வேறாக இருக்கும், குழந்தைகளைக் கூட்டிப்போனால் எண்ணிக்கொண்டே வருவார்கள். வணக்கம்.