பட்டுப் பசையும் பூச்சிமருந்தும்: செரின் என்னும் அமினோ அமிலம்

(சேலம் அம்மாப்பேட்டையில் நெசவாளர் குடும்பங்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். வேதியியல் பேச்சு என்றதும் கூட்டம் கலைந்துவிடும் என்று வாசலிலேயே பயமுறுத்தினார்கள். அதனால் உங்கள் தறிக்குப் பக்கத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அவித்துக் காயவைத்தால், ஒரு கிலோ கிட்டத்தட்ட முக்கால் கிலோவாக இறங்கிவிடும். விறைப்பாக இருந்த நூல் மெத்தென்று பளபளப்பாக வரும். காணாமல் போன கால் கிலோ எங்கே? தண்ணீரில். அதன் பெயர் செரிசின். பட்டுப்புழு தான் விடும் இரண்டு இழைகளையும் ஒன்றாக ஒட்டிக் கூடு கட்டும் பசை அது. 1865-இல் எமில் கிராமர் என்ற வேதியியலாளர் இந்தப் பசையிலிருந்துதான் செரினைப் பிரித்தெடுத்தார். புரதம் என்னும் நீளச் சங்கிலியின் கண்ணிகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர், செரின் அவற்றில் ஒன்று.

மூலக்கூறு ரொம்பச் சின்னது, எடை 105. அலனைன் என்ற எளிய அமினோ அமிலத்தின் ஓரத்தில் ஓர் ஆக்சிஜனைச் செருகினால் செரின். அந்த ஆக்சிஜனும் அதைப் பிடித்திருக்கும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில்தான் இன்றைய பேச்சின் நாயகன். தண்ணீரோடு அதற்கு நல்ல ஒட்டுறவு. செரிசினில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செரின் என்பதால் பசை வெந்நீரில் கரைகிறது. உள்ளே இருக்கும் இழையிலும் செரின் உண்டு. ஆனால் அங்கே கிளைசினும் அலனைனும் பெரும்பான்மை. அவற்றோடு அடுக்கடுக்காக நெருங்கிப் படிந்திருப்பதால் இழை கரைவதில்லை. நமக்கும் சேலை மிஞ்சுகிறது.

அப்புறம் வயிற்றுக்குள் வருவோம். நாம் தின்னும் பருப்பையும் முட்டையையும் சிறுகுடலில் வெட்டித் தள்ளுவது டிரிப்சின், கைமோடிரிப்சின் போன்ற நொதிகள், அதாவது உடம்பின் வேதிவேலைகளை முடுக்கிவிடும் புரதங்கள். கைமோடிரிப்சினில் வெட்டும் வேலையைச் செய்வது சங்கிலியின் 195-ஆம் இடத்தில் இருக்கும் ஒரே ஒரு செரின். சாதாரணமாக செரினின் ஹைட்ராக்சில் சோம்பேறி, யாரையும் தாக்காது. ஆனால் 57-ஆம் இடத்தில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற இன்னோர் அமினோ அமிலம், 102-ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலத்தின் துணையோடு அதன் ஹைட்ரஜனை வாங்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் உடனே வேகம் பிடித்துப் புரதச் சங்கிலியை வெட்டுகிறது. சங்கிலியில் தூரதூரமாக இருக்கும் இந்த மூன்றும், புரதம் மடிந்ததும் பக்கத்தில் வந்து உட்காருகின்றன. 1967-இல் டேவிட் ப்ளோ என்ற விஞ்ஞானியின் குழு எக்ஸ் கதிர் மூலம் இந்த வடிவத்தைக் கண்டது. காயம்பட்ட இடத்தில் ரத்தத்தை உறையவைக்கும் திராம்பினும் இதே குடும்பம்தான்.

அப்படி வேகம் பிடித்த செரினுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. இதை விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள். நரம்பு தசைக்குச் செய்தி சொல்ல அசிட்டைல்கோலினை விடுகிறது. செய்தி போனதும் அதை உடைத்து ஓயவைக்கும் நொதியிலும் ஒரு செரின்தான் வேலைக்காரன். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் உடலுக்குள் போனால் இந்தச் செரினைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. பூட்டுக்குள் ஒடிந்த சாவி மாதிரி. அசிட்டைல்கோலின் குவிகிறது. எச்சில் வழிகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது, தசை துடிக்கிறது, கடைசியில் மூச்சு நிற்கிறது. ஆஸ்பத்திரியில் போடும் அட்ரோபின், குவிந்த அசிட்டைல்கோலினின் ஆட்டத்தைத்தான் அடக்கும், செரினை விடுவிக்காது. விடுவிக்க முயல்வது பிராலிடாக்சிம் என்ற இன்னொரு மருந்து. அதற்கும் கெடு உண்டு. நேரமாக ஆக, விஷம் தன்னில் ஒரு பகுதியை உதிர்த்துவிட்டு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் மருந்து பலிக்காது. எனவே மஞ்சள் கரைத்துக் கொடுக்கிறேன், வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று வீட்டில் ஒரு நிமிஷம்கூடக் கடத்தாதீர்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே வண்டி ஏற்றுங்கள். கழுவுகிறவர் கையுறை போடவேண்டும். விஷம் தோல் வழியாகவும் இறங்கும்.

செரினைப் பிடிப்பதெல்லாம் கெடுதல் என்று இல்லை. இதய நோயாளிகள் சாப்பிடும் ஆஸ்பிரினும் ஒரு நொதியின் செரினில் அசிட்டைல் என்ற சின்ன அணுக்கூட்டத்தை ஒட்டிவிட்டுத்தான், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை அடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள வழியில்லை. அதனால் அது உயிரோடு இருக்கும் ஒரு வாரம், பத்து நாள் வரை விளைவு நீடிக்கும். பல் பிடுங்கப் போகும்போது ஆஸ்பிரின் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லச் சொல்வது இதனால்தான். பெனிசிலினும் பாக்டீரியாவின் ஒரு செரினைப் பிடித்தே அதன் சுவரைக் கெடுக்கிறது.

செரினை உடம்பே குளுக்கோஸ் உடையும் வழியில் மூன்று படிகளில் செய்துகொள்கிறது. அதிலிருந்து ஒரு கார்பனை எடுத்து ஃபோலேட் என்ற வைட்டமினில் ஏற்றினால் டி.என்.ஏ.வுக்கு வேண்டிய பொருள்கள் தயாராகும், மீதி கிளைசின். உடம்பே செய்வதால் பாடப்புத்தகம் இதை அவசியமில்லாத வகையில் சேர்த்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ரத்தத்திலிருந்து மூளைக்குள் செரின் தாராளமாகப் போவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைப் பெரும்பாலும் தானே செய்துகொள்ள வேண்டும். அந்த மூன்று படிகளில் ஒன்றுக்கான மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைக்குத் தலை சிறுத்துப்போகும், வலிப்பு வரும். சீக்கிரம் கண்டுபிடித்து, மருத்துவர் மேற்பார்வையில் செரினையே அதிக அளவில் வாய்வழியாகக் கொடுத்தால் வலிப்பு குறைகிறது. மற்றபடி வேர்க்கடலை, சோயா, முட்டை, பால் சாப்பிடுகிறவர்கள் செரின் பவுடர் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

சரி, மைக்கைக் கீழே தருகிறேன். கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள்.