மால்ட் உடைக்கும் ரோலர் மில்லை வீட்டில் கட்டும்போது எந்த உலோகம், எந்தப் பிளாஸ்டிக்?

[திரையில்: இரண்டு உருளைகள், மேலே தானியம் கொட்டும் ஹாப்பர், கீழே வாளி]

வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் அனுமதிக்கும் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பலர் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, உடைக்கும் மில்லைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்த அனுமதி கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

20 லிட்டர் பீருக்குச் சுமார் 5 கிலோ மால்ட் வேண்டும். பார்லி உமியில் சிலிக்கா இருப்பதால் அது உலோகத்தை மெல்லத் தேய்க்கும். தேய்ந்து விழும் துகள் மாவோடு கலந்தால் பிரிக்க வழியில்லை. அதனால் தானியம் உரசும் இடத்தில் என்ன பொருள் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

[திரையில்: நர்லிங் (தானியத்தைப் பிடிக்கும் சொரசொரப்பு வரி) அடித்த உருளை, அருகிலிருந்து]

உருளைக்கு லேத் பட்டறையில் மிஞ்சிய துண்டுக் கம்பி மலிவாகக் கிடைக்கும். அது 12எல்14 வகையா என்று கேளுங்கள். சுலபமாகக் கடைய வேண்டும் என்றே 0.15 முதல் 0.35 சதவீதம் ஈயம் சேர்த்த எஃகு அது. இந்தியப் பட்டறைகளில் இஎன்1ஏ லெடட் என்று விற்பதும் ஏறக்குறைய அதேதான். உருளை தேய்வது மிகக் கொஞ்சம்தான். ஆனால் ஈயத்துக்குத் தீங்கில்லாத அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயமில்லாத கம்பி கைக்கெட்டும்போது இதை வாங்கவே வேண்டாம். முனையில் அடித்திருக்கும் பெயின்ட் நிறத்தை நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எஃகு ஆலை தரும் கலவைச் சான்றான மில் சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள்.

1018 எஃகில் ஈயம் சேர்ப்பதில்லை. 1144-இலும் இல்லை; கந்தகம் இருப்பதால் அது நன்றாகக் கடையும், உறுதியும் அதிகம். எங்கள் முதல் தேர்வு அதுதான். 304 ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனால் நர்லிங் அடிக்க அடிக்க இறுகி டூலைத் தின்றுவிடும். அரைக்கும் முன் மால்ட்டில் தண்ணீர் தெளித்து உமியை இளக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தச் செலவு தகும். மற்றவர்களுக்குச் சாதா எஃகு போதும், ஈரம் படாமல் இருந்தால். துரு பீரில் இறங்கினால் உலோகச் சுவை வரும், பீரும் சீக்கிரம் பழசாகும்.

[திரையில்: புஷ், பேரிங்]

உருளையின் தண்டு சுழலும் வளையமான புஷ்ஷுக்குப் பித்தளை போடாதீர்கள். கடைசலுக்கு வரும் சி360 பித்தளையில் ஈயம் 3 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்ஷில் எஸ்ஏஇ 841 என்று கேட்டு வாங்கலாம். அது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. அதைவிட, மூடிய பால் பேரிங்கை, உருளைகளைத் தாங்கும் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் மாட்டினால் கிரீஸ் தானியத்தின் பக்கமே வராது.

ஹாப்பருக்கு உணவுத்தர எச்டிபிஇ அல்லது பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் வாளி, அடியில் 2 அல்லது 5 என்ற எண் உள்ளது. ஜி.ஐ. தகரம் வேண்டாம், உரசலில் துத்தநாகப் பூச்சு உதிரும். பூச்சிக்கு மருந்தேற்றிய மரமும் வேண்டாம். தானியம் படும் போல்ட் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். ஜி.ஐ. சட்டத்தை வெல்டிங் செய்யாதீர்கள்: துத்தநாகப் புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும்.

[திரையில்: ஃபீலர் கேஜ்]

கடைசலில் ஊற்றிய கட்டிங் ஆயில் நர்லிங் பள்ளங்களில் தங்கிவிடும். பாத்திர சோப்பும் சுடுதண்ணீரும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, உடனே சூட்டில் உலர்த்துங்கள். பிறகு உணவுத்தர மினரல் ஆயிலை மெல்லிசாகத் தடவுங்கள். உருளைகளின் இடைவெளியை, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை வைத்து 1 மில்லிமீட்டரில் தொடங்குங்கள், இரு முனையிலும் அளந்து பாருங்கள். சட்டம் வளைந்து உருளைகள் ஒன்றோடொன்று உரசினால், எந்த எஃகாக இருந்தாலும் இரும்புத்தூள் மாவில் விழும். டிரில்லால் ஓட்டினால் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று போதும்.

முதலில் அரை கிலோ மலிவு மால்ட்டை ஓட்டி, அந்த மாவை அப்படியே கொட்டிவிடுங்கள். அதில் கறுப்புக் கோடோ எண்ணெய் வாடையோ இருந்தால், இன்னொரு தடவை கழுவ வேண்டும். அதன்பின் மில்லில் தண்ணீர் வேண்டாம், காய்ந்த பிரஷ் மட்டும்.