முழுசாக ஒரு நூல்

நேயர்களுக்கு வணக்கம். பிளஸ் ஒன் முடித்துவிட்டு, சிறப்புத் தமிழை வைத்துக்கொண்டு விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளுக்காகப் பேசச் சொன்னார்கள். "லீவு விட்டதிலிருந்து புத்தகத்தையே தொடவில்லை" என்று புலம்பும் அம்மா அப்பாவும் கூட உட்கார்ந்து கேட்கலாம்.

பாடப்புத்தகத்தில் துண்டு துண்டாகப் படித்த நூல்களில் ஏதாவது ஒன்றை இந்தக் கோடையில் முதல் அடி தொடங்கிக் கடைசி அடி வரை படியுங்கள். ஒன்று போதும். நம் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறைப் பிள்ளைகளுக்கு என் சிபாரிசு பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது; மொத்தமே 301 அடி. கிளை நூலகத்தில், இந்தப் பாட்டும் அடங்கிய பத்துப்பாட்டுத் தொகுப்பின் உரை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

முழுசாக ஏன் படிக்க வேண்டும்? ஒரு காட்சியைப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் முற்றத்தில் தானியம் காய்கிறது. கோழி கொத்த வருகிறது. வீட்டுப் பெண் கையில் கல் தேடவில்லை. காதிலிருந்த கனமான பொன் குழையைக் கழற்றி எறிகிறாள். அது தெருவில் கிடந்து, சிறுவர்கள் உருட்டி வரும் மூன்று சக்கர விளையாட்டுத் தேரை மறிக்கிறது. நம் ஊரிலும் நெல் காயப்போட்டால் கோழி விரட்ட ஆள் வேண்டும், ஆனால் தோட்டைக் கழற்றி எறிகிறவர் யாருமில்லை! வகுப்பில் இதை "ஊரின் வளம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அடுத்த அடியில் புலவர் இன்னொன்றும் சொல்கிறார்: அந்தத் தேர் தடைபடுவதைத் தவிர வேறு பகையே அறியாத ஊராம் அது.

சரி, அப்படியே மேலே படித்துக்கொண்டு போங்கள். பிற்பகுதியில் கரிகாலன் வருகிறான். அவன் படை போன பகைவர் ஊர்கள் பாழாகிக் கிடக்கின்றன, கூகை அலறுகிறது. பகையே தெரியாத ஊரும், ஊர் ஊராக அழித்துவிட்டு வரும் அரசனும் ஒரே பாட்டில்! முதல் காட்சியை மட்டும் படித்தவருக்கு இங்கே கேள்வியே எழாது. முழுசாகப் படித்தவரோ, காவிரிப்பூம்பட்டினத்தின் அமைதிக்கு விலை கொடுத்தது யார் என்று கேட்காமல் இருக்க முடியாது. கட்டுரைக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பாலை என்றால் காதலர் பிரிவைப் பாடுவது. பேர்தான் பாலை, பிரிவு எங்கே? 217 அடி வரை ஆறு, வயல், கடைத்தெரு, குதிரை, மிளகு மூட்டை என்று ஊர்தான். 218ஆம் அடியில்தான் காதல் தலைவன் தன் நெஞ்சிடம் வாய் திறக்கிறான்: இப்படிப்பட்ட பட்டினமே கிடைத்தாலும் தலைவியை விட்டு வரமாட்டேன், நெஞ்சே. அத்தனை செல்வத்தையும் கண்முன் குவித்துவிட்டு ஒரே மூச்சில் வேண்டாம் என்கிறான். எதற்காக இந்த ஏற்பாடு? கடைசி இரண்டு அடியில் கரிகாலனின் வேலும் கோலும் எதற்குப் பயன்படுகின்றன என்று பார்த்தால் பதில் தட்டுப்படும். நான் சொல்லமாட்டேன்.

முதல் தடவை படிக்கும்போது நோட்ஸ் பக்கம் போகாதீர்கள். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு நகருங்கள். அப்புறம் உரையை எடுங்கள். பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் உரையோடு பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் 1889இல் அச்சிட்டபோது அவர் கும்பகோணம் கல்லூரியில்தான் தமிழாசிரியர். நச்சினார்க்கினியர் அடிகளை முன்னும் பின்னுமாகக் கூட்டிப் பொருள் சொல்வது மறைமலையடிகளுக்குப் பிடிக்கவில்லை. தனியாக ஆராய்ச்சியுரையே எழுதினார். பெரியவர்கள் சண்டை போட்ட இடம் கட்டுரைக்கு நல்ல இடம். யார் பக்கம் என்று முடிவு செய்து, ஏன் என்றும் எழுதுங்கள்.

எழுதும்போது "பட்டினப்பாலை பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். திருத்துகிறவருக்கு அது தெரியும். உங்கள் கேள்வியை முதல் பத்தியிலேயே வைத்துவிடுங்கள். தேன்தமிழ், காவியச்சுவை போன்ற சொற்களை அடித்துவிட்டால் கட்டுரை பாதியாகச் சுருங்கும். மிச்சம் இருப்பதுதான் நீங்கள் எழுதியது. ஒவ்வொரு கருத்துக்குப் பக்கத்திலும் அடி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் போட முடியாத கருத்து எங்கிருந்தோ காதில் விழுந்ததாக இருக்கும்.

எழுதி முடித்ததும் வீட்டில் யாருக்காவது உரக்க வாசித்துக் காட்டுங்கள். பாட்டி, அத்தை யாரானாலும் சரி, தமிழ் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. "அப்படின்னு பாட்டுல எங்கே இருக்கு?" என்று இடையிடையே கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிற பத்தியை மட்டும் திரும்ப எழுதினால் போதும். நன்றி, வணக்கம்.