டார்பிடோவுக்கு யார் சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம்.

நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணம் வழியாகப் போயிருந்தால் அந்த உயரமான கம்பங்களைப் பார்த்திருப்பீர்கள். ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் அது. 1990 முதல் அங்கிருந்து நீர்மூழ்கிகளுக்குச் செய்தி போகிறது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை என்பதால் கடலுக்குள் சில மீட்டர் ஆழம்வரை இறங்கும். சரி, கரை சொன்னது நீர்மூழ்கிப் படகுக்குக் கேட்டுவிட்டது. படகு சொல்வது, அது தண்ணீருக்குள் சுடும் வெடிகுண்டான டார்பிடோவுக்கு எப்படிக் கேட்கும்? கடற்படையில் நான் பார்த்த வேலையே அதுதான்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இதைச் செய்தது ஓர் இரும்புத் தண்டு, ஸ்பின்டில். டார்பிடோவைச் சுடும் குழாயான டியூபின் சுவரைத் துளைத்து வந்து, உள்ளே கிடக்கும் டார்பிடோவின் விலாவில் சாவிபோலப் பொருந்தும். அமெரிக்கப் படகுகளில் பல்சக்கரங்களால் ஆன கணக்குப் பொறி ஒன்று இருந்தது. எதிரிக் கப்பலின் திசை, தூரம், வேகத்தைக் கொடுத்தால் டார்பிடோ எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்று விடாமல் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கோணத்துக்குத் தக்கபடி தண்டும் திரும்பும். சுடும் நொடியில் தண்டு வெளியே வந்துவிட வேண்டும். அதன்பின் டார்பிடோவிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

அப்புறம் தண்டு போய் மின்கேபிள் வந்தது. கூடவே வழிகாட்டும் கம்பியும் வந்தது. படகில் ஒரு சுருள், டார்பிடோவில் ஒரு சுருள். பட்டம் விடுகிறவன் நூலை ஒரு பக்கம்தான் விடுவான். இங்கே இரண்டு பக்கமும் அவிழும். அதனால்தான் முடியளவுக் கம்பி அறுபடாமல் தாங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும் டார்பிடோவுக்கு வழி மாற்றிச் சொல்ல முடிந்தது இதனால்தான். இந்தியாவுக்கு 1986-இல் வந்த சிசுமார் வகைப் படகுகளில் இந்த வசதி உண்டு. 2017-இல் சேர்ந்த கல்வரியிலோ ஒரே டியூபிலிருந்து டார்பிடோவும் போகும், ஏவுகணையும் போகும். இரண்டோடும் அதனதன் மொழியில் பேசக் கணினி இருக்கிறது.

ஆனாலும் 1982 மே 2 அன்று, ஃபாக்லாந்து போரில், பிரிட்டனின் கான்கரர் நீர்மூழ்கி அர்ஜென்டினாவின் போர்க்கப்பலான பெல்கிரானோவை மூழ்கடித்தது கம்பி இல்லாத பழைய மார்க் 8 டார்பிடோவால். கம்பி வைத்த டைகர்ஃபிஷ் அதே படகில் இருந்தது. புதியதை நம்ப முடியவில்லை என்பதும் ஒரு காரணம். அந்தத் தளபதி செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால், புதியது காலைவாருவதை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு பயிற்சியில் எங்கள் கட்டுப்பாட்டுப் பலகையில் டார்பிடோவுக்கான 'தயார்' விளக்கு எரியவில்லை. கணினியைத் திரும்பத் திரும்பச் சோதித்தோம், அதில் பழுது இல்லை. கடைசியில் கேபிளின் பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்தேன். அத்தனை ஊசிகளில் ஒன்றில் மட்டும் கடுகளவு பச்சைக் களிம்பு. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, திரும்பச் செருகினேன். விளக்கு எரிந்தது.