பொலிவார் அதே பொலிவார்தான், மாறியது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

ஸ்பெயினிடமிருந்து வெனிசுவேலா விடுதலை பெறப் பெரிதும் காரணம் விடுதலைப் படைத் தலைவர் பொலிவாரின் திறமையா, சாமானியரின் தோளா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா, "பொலிவார் இல்லாமல் ஆண்டிஸ் மலையைக் கடந்திருக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுக் கைதட்டலோடு உட்கார்ந்தார். மலைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் சமவெளிக்கு வாருங்கள்.

ஓரினோகோ ஆற்றுச் சமவெளியில் மாடு மேய்த்தவர்களுக்கு யானெரோ என்று பெயர். யானைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, எல்லாரும் குதிரைக்காரர்கள். 1811இல் தலைநகர் கராகஸின் கனவான்கள் சுதந்திரக் குடியரசு அறிவித்தார்களே, அதில் இவர்களுக்கு என்ன கிடைத்தது? ஓட்டுப் போடச் சொத்து வேண்டும். அடிமை அடிமையாகவே இருக்க வேண்டும். இந்தக் குடியரசுக்காக எவன் ஈட்டியைத் தூக்குவான்?

1813 ஆகஸ்டில் பொலிவார் வெற்றிவீரராகக் கராகஸுக்குள் நுழைந்தார். அடுத்த வருஷமே ஊரைக் காலி செய்துகொண்டு ஓட வேண்டியதாயிற்று. துரத்தியது ஸ்பெயினிலிருந்து வந்த படையா? இல்லை. ஸ்பெயின் பக்கம் நின்ற போவெஸ் என்பவன் பின்னால் திரண்ட இதே யானெரோக்கள்! சில வருஷம் கழித்து அவர்கள் பாயெஸ் என்ற யானெரோத் தலைவர் பின்னால் விடுதலைப் பக்கம் வந்தார்கள். வெற்றியும் கூடவே வந்தது. பொலிவார் அதே பொலிவார்தான் ஐயா. மாறியது யார்?

"அவர்களைச் சேர்த்துக்கொண்டது தலைவரின் சாமர்த்தியம்தானே?" என்பீர்கள். சரி. ஆனால் அந்தப் புத்தி எப்போது வந்தது? 1811இலும் 1813இலும் அமைந்த இரண்டு குடியரசும் கவிழ்ந்து, ஹைட்டியில் போய் உதவி கேட்டு நின்றபோது. ஆயுதம் தந்த அதிபர் பெத்தியோன், அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அதன் பிறகுதான் 1816இல், படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்ற அறிவிப்பே வருகிறது.

இப்போது மலை. 1819இல் வெயிலில் வளர்ந்த ஆட்கள் கந்தல் துணியோடு ஆண்டிஸ் மலையின் பிஸ்பா கணவாய்க் குளிரில், இன்றைய கொலம்பியாவை நோக்கி ஏறினார்கள். குளிரிலேயே பலர் செத்தார்கள். இறங்கியவர்களுக்கு சோச்சா கிராமத்துப் பெண்கள் தாங்கள் உடுத்தியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள் என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அடுத்து வர்காஸ் சதுப்புநிலப் போர். தோற்கிற நிலை. "கர்னல், தாய்நாட்டைக் காப்பாற்றுங்கள்!" என்றார் பொலிவார். யாரிடம்? யானெரோக் குதிரைப்படையின் ரொண்டோனிடம். அவரோடு முதலில் பாய்ந்தவர்கள் 14 பேர். தலைவரே எங்கள் அணிக்குச் சாட்சி சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய!

கடைசியாக ஒரே ஒருவர். பெத்ரோ கமேஹோ, அடிமையாக இருந்தவர். முதலில் ஸ்பெயின் பக்கம் போரிட்டவர். "ஏன் அங்கே போனாய்?" என்று பொலிவார் கேட்டபோது, "ஆசைதான் ஐயா. சட்டையில்லாமல் சண்டைக்குப் போனவனெல்லாம் நல்ல உடுப்போடும் பையில் காசோடும் திரும்பினான்" என்றாராம். பாயெஸ் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். அந்த மனிதர்தான் 1821இல் கரபோபோ போரில் விடுதலைப் படைக்காக உயிரை விட்டார். அவருடைய நாட்டில் அடிமை முறை ஒழிந்தது 1854இல்.

நடுவர் கை மணிக்குப் போகிறது. உட்கார்ந்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.